இரண்டு பேஸ்லிப்பையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்: அயர்லாந்து ரெவன்யூ மைஅக்கவுண்ட், ஒரு வருஷ அனுபவம்

அயர்லாந்தில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற, அல்லது இரண்டாவது ஆள் இனிமேல் போகப்போகிற தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த நாட்டு வரித் துறையான ரெவன்யூவின் மைஅக்கவுண்ட் என்ற ஆன்லைன் சேவையை ஒரு வருஷமாகப் பயன்படுத்துகிறேன். நல்ல சேவை. கட்டணம் கிடையாது, வரிசையில் நிற்க வேண்டாம், குழந்தை தூங்கின பிறகு ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தும் வேலையை முடிக்கலாம். ஆனால் அதில் புழங்குகிற நாலைந்து வார்த்தைகள் தெரியாமல் உள்ளே போனால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். எனக்கு அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றும் ஒரு பேஸ்லிப், அதாவது மாதச் சம்பளச் சீட்டு, வழியாகத்தான் புரிந்தன, அதனால் அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

என் கணவர் கிரிட்டிகல் ஸ்கில்ஸ் பெர்மிட் என்ற வேலை அனுமதியில் இங்கே வந்தவர். அவர் மனைவி என்பதால் எனக்குக் கிடைத்த குடியிருப்பு அனுமதி ஸ்டாம்ப் 1ஜி. அதில் இருப்பவர்கள் தனியாகப் பெர்மிட் வாங்காமலேயே வேலை பார்க்கலாம், ஆனாலும் குழந்தை சின்னது என்பதால் மூன்று வருஷம் வீட்டிலேயே இருந்தேன். 2025 மார்ச்சில் வேலை கிடைத்தது. மாதம் 2,800 யூரோ. இந்த ஊரில் என் முதல் சம்பளம் என்பதால் அதில் எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே நோட்டில் எழுதி வைத்திருந்தேன், ஊருக்கு அம்மாவுக்கு அனுப்ப வேண்டியது உட்பட. கைக்கு வந்தது 1,901.20. சரி, வரி கொஞ்சம் அதிகம் போலிருக்கிறது, முதல் மாதம் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஏப்ரலில் வந்தது 1,341.20.

அன்றைக்குத்தான் பேஸ்லிப்பை வரி வரியாகப் படித்தேன். பே (PAYE) என்ற இடத்தில் 1,120. அது வருமான வரி, சம்பளத்தில் அப்படியே 40%. யூஎஸ்சி (USC, வருமானத்தின் மீது தனியாகப் பிடிக்கிற இன்னொரு வரி) என்ற இடத்தில் 224, அது 8%. பிஆர்எஸ்ஐ (PRSI, சமூகக் காப்பீட்டுச் சந்தா) 114.80, அது 4.1%. டாக்ஸ் கிரெடிட், அதாவது கட்ட வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்கிற தொகை, இருக்க வேண்டிய இடத்தில் சைபர். ஆபீசில் பேரோல், அதாவது சம்பளக் கணக்கு, பார்க்கும் பெண்மணியிடம் போய்க் கேட்டேன். "உங்களுக்கு ஆர்பிஎன் வரவில்லை, அதனால் எமர்ஜென்சி டாக்ஸில் இருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு, அதை நான்தான் சரிசெய்ய வேண்டும், அவர்களால் முடியாது என்றார். முதல் மாதமே சொல்லியிருக்கலாமே என்று அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போதும் அதே கருத்துதான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் கூட ஆகாது.

ஆர்பிஎன் என்பது ரெவன்யூ, நம் கம்பெனியின் பேரோலுக்கு அனுப்புகிற குறிப்பு. இந்த ஆளுக்கு இவ்வளவு கிரெடிட், இவ்வளவு தொகை வரைக்கும் 20% வரி, அதற்கு மேல் 40% என்று அதில் இருக்கும். 2019 ஜனவரி 1 முதல் பழைய பி45, பி60 காகிதங்கள் எல்லாம் போய், எல்லாமே இந்தக் குறிப்பை வைத்துத்தான் நடக்கிறது. அது இல்லாவிட்டால் கம்பெனி எமர்ஜென்சி முறையில்தான் பிடிக்க வேண்டும்: பிபிஎஸ் நம்பர் (இங்கே ஒவ்வொருவருக்கும் தருகிற அடையாள எண்) கொடுத்திருந்தால் முதல் நாலு வாரம் ஒரு வரம்பு வரைக்கும் 20%, ஐந்தாவது வாரத்திலிருந்து மொத்தமும் 40%, கிரெடிட் எதுவும் கிடையாது, யூஎஸ்சி நேராக 8%. பிபிஎஸ் நம்பரே கொடுக்கவில்லை என்றால் முதல் நாளிலிருந்தே 40%. நான் பிபிஎஸ் நம்பரை ஆபீசில் கொடுத்துவிட்டதாலேயே எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். அயர்லாந்தில் முதல் வேலை என்றால் அதை நாமேதான் மைஅக்கவுண்ட்டில் பதிவு செய்ய வேண்டும் என்பது தெரியாது.

பதிவு செய்வது சுலபம். ஜாப்ஸ் அண்ட் பென்ஷன்ஸ் என்ற பகுதியில் கம்பெனியின் வரிப் பதிவு எண், சேர்ந்த தேதி, மாதச் சம்பளமா வாரச் சம்பளமா என்பதையெல்லாம் கேட்கும். கம்பெனியின் எண்ணைப் பேரோலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நிமிஷ வேலை. மே மாதச் சம்பளத்துக்குள் எனக்கு ஆர்பிஎன் போய்விட்டது, அதுவும் குமுலேட்டிவ் அடிப்படையில். அப்படியென்றால் ஜனவரி 1-லிருந்து சேர்ந்திருக்கிற கிரெடிட் எல்லாம் கணக்கில் வரும், முன்பு கூடுதலாகப் பிடித்தது தானாகத் திரும்பி வரும். மே பேஸ்லிப்பில் மொத்தச் சம்பளம் 2,800, கைக்கு வந்தது 3,873.60. வருமான வரி இடத்தில் மைனஸ் 833.33, யூஎஸ்சி இடத்தில் மைனஸ் 355.07. சம்பளத்தை விடக் கையில் வந்த தொகை பெரிதாக இருந்த அந்த பேஸ்லிப்பை இன்னும் வைத்திருக்கிறேன். யாராவது எமர்ஜென்சி டாக்ஸில் மாட்டிக்கொண்டு பணம் போய்விட்டது என்று கலங்கினால் அதைத்தான் காட்டுகிறேன். போகவில்லை, வந்துவிடும்.

இதற்கப்புறம்தான் உண்மையான விஷயமே.

அதே மே மாதம் அவர் சம்பளம் குறைந்துவிட்டது. "இந்த மாசம் எனக்கு நூத்து அறுபது யூரோ கம்மியா வந்திருக்கு, நீ ஏதாவது மாத்தினியா?" என்றார். "நான் என் வேலையை மட்டும்தாங்க பதிவு பண்ணேன்" என்றேன். உண்மையும் அதுதான். ஆனால் நாங்கள் ஜாயிண்ட் அசெஸ்மென்ட்டில், அதாவது இருவர் வரியையும் சேர்த்தே கணக்குப் போடுகிற முறையில், இருக்கிற தம்பதி. அதில் இரண்டு பேருக்கும் ஒரே உண்டியல். நான் என் பக்கம் கை வைத்தால் அவர் பக்கம் அசையும். என் வேலை பதிவானதும் இருவருக்குமே புது டாக்ஸ் கிரெடிட் சர்ட்டிபிகேட் வந்திருந்தது, நான் என்னுடையதை மட்டும் திறந்து பார்த்தேன், அவர் எதையுமே பார்க்கவில்லை.

அந்த உண்டியலில் என்ன இருக்கிறது என்று எங்கள் கணக்கை வைத்தே சொல்கிறேன், எல்லாம் 2025 எண்கள். திருமணமானவர்களுக்கான கிரெடிட் 4,000. வேலையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் எம்ப்ளாயி கிரெடிட் 2,000. நான் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டு இருந்த வரைக்கும் ஹோம் கேரர் கிரெடிட் 1,950. ஆக அவருக்கு மட்டும் 7,950. அதோடு 53,000 யூரோ வரைக்கும் 20% வரி, அவர் சம்பளம் 62,000 என்பதால் மிச்சம் 9,000-க்கு 40%. நான் வேலைக்குப் போனதும் இரண்டு மாற்றம். ஒன்று, என் சம்பளத்துக்காக 20% வரம்பு கூடும், என் சம்பளம் எவ்வளவோ அவ்வளவு, அதிகபட்சம் 35,000. இன்னொன்று, ஹோம் கேரர் கிரெடிட் போய்விடும், ஏனென்றால் கூடுதல் வரம்பும் ஹோம் கேரர் கிரெடிட்டும் ஒரே வருஷத்தில் சேர்ந்து கிடைக்காது. 1,950-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 162.50. அவர் சொன்ன நூற்று அறுபது அதுதான்.

அவருக்கு இது அநியாயமாகப் பட்டது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கூடுதல் வரம்பு வேண்டாம், ஹோம் கேரர் கிரெடிட்டே போதும் என்று இருந்தால் என் சம்பளம் முழுவதும் 40%-க்குப் போயிருக்கும். மார்ச் முதல் டிசம்பர் வரை என் சம்பளம் 28,000, அதற்கு 20% வித்தியாசம் என்றால் 5,600 யூரோ. 1,950-ஐ விட்டுக் கொடுத்து 5,600-ஐ மிச்சம் பிடித்திருக்கிறோம். இரண்டாவது ஆளுக்குப் பகுதி நேர வேலை, வருஷத்துக்குச் சில ஆயிரம் யூரோதான் வரும் என்றால் கதை வேறு, அங்கே ஹோம் கேரர் கிரெடிட் பக்கமே லாபமாக இருக்கலாம்; முந்தின வருஷம் அது கிடைத்திருந்தால், வேலைக்குத் திரும்புகிற முதல் வருஷம் அந்தக் கிரெடிட்டுக்கான வருமான வரம்புக்கு மேல் சம்பாதித்தாலும் அதையே வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. இரண்டையும் தாளில் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

இன்னொரு நல்ல விஷயம், அவருக்குப் புது ஆர்பிஎன் மன்த் ஒன் அடிப்படையில் வந்திருந்தது. குமுலேட்டிவாக வந்திருந்தால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கூடுதலாக அனுபவித்த நாலு மாதக் கிரெடிட், 650 யூரோ, அந்த ஒரே சம்பளத்தில் பிடித்திருப்பார்கள். மன்த் ஒன் என்றால் பழையதைத் தொடாமல் இந்த மாதத்திலிருந்து மட்டும் புதுக் கணக்கு. ஆனால் அந்த 650 காணாமல் போகாது, வருஷக் கடைசிக் கணக்கில் வந்து நிற்கும். பேஸ்லிப்பில் எங்காவது ஒரு ஓரத்தில் சின்னதாக இந்த அடிப்படை அச்சாகியிருக்கும். திடீரென்று பிடித்தம் கூடினாலோ குறைந்தாலோ நான் முதலில் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான்.

இப்போது கிரெடிட்டைப் பங்கிடுவது. என் ஆபீசில் அதே 2,800 வாங்குகிற, திருமணமாகாத ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்குத் தனிநபர் கிரெடிட் 2,000, எம்ப்ளாயி கிரெடிட் 2,000. எனக்கு எம்ப்ளாயி கிரெடிட் மட்டும், திருமணக் கிரெடிட் 4,000 முழுவதும் அவர் பெயரில். அதனால் மாதாமாதம் அவளை விட எனக்கு 166.67 யூரோ குறைவாக வரும். குடும்பத்துக்கு மொத்தத்தில் ஒரு சென்ட் நஷ்டம் இல்லை, நான் கூடுதலாகக் கட்டுகிற வரி அவருக்குக் குறைந்துவிடுகிறது. ஆனாலும் நான் அதை மாற்றச் சொன்னேன். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் வாங்குகிற இரண்டு பேர் பேஸ்லிப்பை ஒப்பிட்டுப் பார்க்கும்போது, வீட்டுக் கணக்கில் சரியாகிவிடும் என்ற சமாதானம் கைக்கு வராது. மூன்று வருஷம் அவர் கார்டில் மளிகை வாங்கினவள் நான், என் உழைப்பின் முழு அளவு என் கணக்கில் விழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் "தாராளமா மாத்திக்கலாம்" என்றார்.

மாற்றியது 2026 ஜனவரியில். வருஷ நடுவில் மாற்றினால் ஏற்கெனவே சொன்ன குமுலேட்டிவ், மன்த் ஒன் குழப்பங்கள் வரும், ஜனவரியில் செய்தால் வருஷம் முழுக்க ஒரே சீராக இருக்கும். 2026-லும் இந்த கிரெடிட் தொகைகள் மாறவில்லை, அதே 4,000, அதே 2,000. அவரிடமிருந்து 2,000-ஐ என் பக்கம் கொண்டுவந்தோம். எதை நகர்த்தலாம், எதை முடியாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்: திருமணக் கிரெடிட்டை எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம், எம்ப்ளாயி கிரெடிட் அவரவருக்கு மட்டும், 20% வரம்பில் ஒருவர் பெயரில் 53,000-க்கு மேல் வைக்க முடியாது. ஒருவருக்குச் சம்பளம் மிகவும் குறைவு என்றால் அவர் பக்கம் கிரெடிட்டை நிறையக் குவிக்காதீர்கள். கட்ட வேண்டிய வரியை விட கிரெடிட் அதிகமானால் மிச்சம் கையில் பணமாக வராது, வருஷம் முழுவதும் சும்மா கிடக்கும்.

ஜாயிண்ட் அசெஸ்மென்ட் தவிர இன்னும் இரண்டு முறை உண்டு. செபரேட் அசெஸ்மென்ட்டில் கிரெடிட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துத் தருவார்கள், ஒருவர் பயன்படுத்தாதது மற்றவருக்குப் போகும், மொத்த வரி ஜாயிண்ட்டில் வருகிற அளவுதான். செபரேட் ட்ரீட்மென்ட் என்பது இருவரையும் தனி ஆளாகவே நடத்துவது, அதில் ஒருவருடைய மிச்சம் மற்றவருக்குப் போகாது. பெயர் கிட்டத்தட்ட ஒன்று போல இருப்பதால் மாற்றித் தேர்ந்தெடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது, அதனால் சொல்கிறேன். செபரேட் அசெஸ்மென்ட் வேண்டுமென்றால் அந்த வருஷம் மார்ச் 31-க்குள் கேட்க வேண்டும். புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு அந்த முதல் வருஷம் தனித்தனிக் கணக்குதான். ஜாயிண்ட்டாக இருந்திருந்தால் குறைந்திருக்கும் என்றால், கல்யாணத்துக்குப் பிந்தின மாதங்களுக்கான வித்தியாசத்தை வருஷம் முடிந்த பிறகு கேட்டு வாங்கலாம்.

வரியில் சேராத பிடித்தங்களும் இருக்கின்றன, அங்கே மைஅக்கவுண்ட் உதவாது. 2025 அக்டோபரில் பிஆர்எஸ்ஐ 4.1%-லிருந்து 4.2% ஆனது, எனக்கு 2.80 யூரோ கூடியது, சின்னத் தொகை. ஜனவரியில் வந்தது கொஞ்சம் பெரியது: மை ஃபியூச்சர் ஃபண்ட் என்ற பெயரில் 42 யூரோ. நான் எங்கும் கையெழுத்துப் போடவில்லையே என்று திகைத்தேன். அது 2026 ஜனவரி 1-ல் தொடங்கிய ஓய்வூதியத் திட்டம். 23 முதல் 60 வயதுக்குள், வருஷம் 20,000 யூரோவுக்கு மேல் சம்பாதித்து, பேரோல் வழியாக வேறு பென்ஷன் இல்லாதவர்களைத் தானாகச் சேர்த்துவிடுகிறார்கள். என் சம்பளத்தில் 1.5%, கம்பெனி அதே அளவு, நான் போடும் ஒவ்வொரு மூன்று யூரோவுக்கும் அரசு ஒரு யூரோ. ஆக என் 42-க்கு மேல் இன்னும் 56 சேருகிறது. ஆறு மாதம் கழித்துத்தான் வெளியே வர முடியும், ஏழாவது எட்டாவது மாதங்களில். நான் வரப் போவதில்லை. இங்கேயே எவ்வளவு காலம் இருப்போம் என்று தெரியாதவர்கள் யோசித்து முடிவு செய்யட்டும்.

பேறுகால விடுப்பில் போகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. மெட்டர்னிட்டி பெனிஃபிட்டுக்கு வருமான வரி உண்டு, ஆனால் அதைக் கொடுக்கும்போதே பிடிக்க மாட்டார்கள், கிரெடிட்டையும் வரம்பையும் குறைத்துத்தான் வசூலிப்பார்கள். ஜாயிண்ட் அசெஸ்மென்ட்டில் அந்தக் குறைப்பு கணவர் பேஸ்லிப்பில் விழலாம். குழந்தை பிறந்த நேரத்தில், செலவு கூடியிருக்கிற நேரத்தில், அவர் சம்பளம் குறைந்தால் காரணம் இதுவாக இருக்கலாம் என்று முதலிலேயே தெரிந்திருப்பது நல்லது.

அப்புறம் தோழி ஒருத்திக்கு நடந்தது. அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு மாதம் சம்பளத்தில் 400 யூரோ குறைத்துவிட்டார்கள், கேட்டால் போன மாதங்களில் தவறுதலாகக் கூடக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். எந்த மாதம், எவ்வளவு என்று எழுத்தில் எதுவும் இல்லை. கூடக் கொடுத்ததைத் திரும்பப் பிடிக்க 1991-ம் வருஷத்து பேமென்ட் ஆஃப் வேஜஸ் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் கூடக் கொடுத்த தொகைக்கு மேல் ஒரு சென்ட் பிடிக்கக் கூடாது. அவளை மெயிலில் மாத வாரியாகக் கணக்குக் கேட்கச் சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் 260-தான் வந்தது, மிச்சம் 140-ஐத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால், வேலையிடத் தகராறுகளைப் பார்க்கிற வொர்க்பிளேஸ் ரிலேஷன்ஸ் கமிஷனில் ஆறு மாதத்துக்குள் புகார் செய்யலாம். இதிலும் மைஅக்கவுண்ட் ஒரு சின்ன உதவி செய்தது: ஒவ்வொரு சம்பளத்துக்கும் கம்பெனி ரெவன்யூவுக்கு என்ன தொகை சொல்லியிருக்கிறது என்று அதில் பார்க்கலாம். பேஸ்லிப்பையும் அதையும் ஒப்பிட்டுத்தான் அவள் மாதங்களைக் கண்டுபிடித்தாள்.

வருஷக் கணக்கு முடிப்பதுதான் இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது. ஜனவரியில் 2025-க்கான பூர்வாங்கக் கணக்கு வந்திருந்தது, எதிர்பார்த்த மாதிரியே நாங்கள் 650 கட்ட வேண்டும் என்று. அதைப் பார்த்துப் பயந்து மூடிவிடாதீர்கள். ரிட்டர்ன், அதாவது வருஷ வரிக் கணக்கு, போடும்போது விட்டுப்போன கிரெடிட்டுகளைச் சேர்க்கலாம். நாங்கள் வாடகை வீடு, வாடகைக் கிரெடிட்டை வருஷம் முழுக்கக் கேட்காமல் வைத்திருந்தோம், தம்பதிக்கு அது 2,000 வரை. வாடகை ஒப்பந்த விவரங்களைப் போட்டு அனுப்பியதும் 650 கழிந்து 1,350 யூரோ கணக்கில் விழுந்தது. கிரெடிட் எதுவும் மிச்சமில்லாமல் நிஜமாகவே பாக்கி வந்தாலும் ஒரேயடியாகக் கட்டச் சொல்வதில்லை, வட்டியில்லாமல் அடுத்த வருஷங்களின் கிரெடிட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்வார்கள்.

குறை என்று பார்த்தால், ஒரு மாற்றத்தைச் செய்யும் முன் "இதனால் உங்கள் கணவர் சம்பளம் மாதம் இவ்வளவு குறையும்" என்று காட்டினால் எத்தனையோ வீடுகளில் வீண் வாக்குவாதம் மிச்சமாகும். இங்கிலீஷும் ஐரிஷும் மட்டும்தான், அதனால் அப்பா அம்மா தலைமுறைக்குக் கஷ்டம். மைஅக்கவுண்ட்டுக்குள் இருக்கிற மைஎன்கொயரிஸ் வழியாகக் கேள்வி எழுதி அனுப்பினால் பதில் எழுத்திலேயே இருக்கும், பின்னால் எடுத்துக் காட்டலாம். போனை விட எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இதையெல்லாம் உங்களுக்காகச் செய்து தருகிறோம் என்று கமிஷன் கேட்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். சொந்தத் தொழில், வெளிநாட்டு வருமானம் என்று சிக்கலான கணக்கு என்றால் தெரிந்தவரிடம் போவது சரி. இரண்டு பேஸ்லிப் மட்டும் இருக்கிற வீட்டில் அந்தக் கமிஷன் தேவையில்லை.

பழைய வருஷங்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள், நாலு வருஷம் வரை பின்னால் போய்க் கேட்கலாம். 2022-க்கான வாடகைக் கிரெடிட்டை இன்னும் வாங்காத தம்பதிகளுக்கு 1,000 யூரோ வரை அங்கே கிடக்கிறது, 2026 டிசம்பர் 31 வரைக்கும்தான் நேரம்.